மலர் ஊர்தி

“பார்த்துங்க, அது பல்லு இல்ல. கொஞ்சம் மெதுவாச் சுரண்டுங்க.”

ஷெட் வாசலில் நின்று மனைவி சொன்னதைப் பல் டாக்டர் காதில் வாங்கவே இல்லை. பல்லில் கறை எடுக்கும் கம்பியை வைத்துக்கொண்டு, அந்தப் பழைய பிக்கப் வண்டியின் பக்கவாட்டிலிருந்து பச்சைப் பெயின்ட்டைப் பொடிப்பொடியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போக இருந்த வண்டி. ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதருக்குச் சோறு தண்ணி மறந்துவிடும். எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது, பிரேக்கும் பிடிக்கிறது. மேல்பூச்சுதான் பாக்கி.

“இங்க வாயேன்! பச்சைக்குக் கீழ எழுத்து தெரியுது!”

அவள் குனிந்து பார்த்தாள். மங்கலாக ஒரு ‘ம’. அதற்கு முன்னாலும் பின்னாலும் துரு. அப்புறம் ஒரு ‘ர்’. கொஞ்சம் இடம் விட்டு, ‘ஊர்தி’ என்று மட்டும் தெளிவாக இருந்தது.

“ம... என்னமோ... ர் ஊர்தி. மகளிர் ஊர்தியா இருக்குமோ?” என்றார் டாக்டர்.

“அதுக்கு எங்க இடம்? நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் போகும்.”

“அப்போ என்னவா இருக்கும்?”

“மலர் ஊர்தி” என்றாள் அவள்.

டாக்டர் துள்ளிக் குதிக்காத குறைதான். “அடடா! அதான் பின்னாடி பலகைச் சந்துல எல்லாம் காஞ்ச பூவா வந்துச்சு! எலி இழுத்துட்டு வந்த குப்பைன்னு நெனச்சேன்!”

இருவரும் வண்டியின் பின்பக்கம் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நெனச்சுப் பாரேன். இன்னும் முழுசா விடியல. பனி. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. இந்த வண்டி மட்டும் நெறைய பூவோட மெதுவா, ரொம்ப மெதுவா வருது. தெருவுல தூங்குறவங்களுக்கெல்லாம் கனவுல வாசனை வருது...”

நின்ற வண்டியிலேயே அவர் ஊரெல்லாம் சுற்றினார். எத்தனையோ வருடமாகப் பல்லையும் ஈறையும் மட்டுமே பார்த்த மனிதருக்குள் இவ்வளவு பனியும் பூவும் இருந்தது அவருக்கே ஆச்சரியம். மனைவி பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீங்க சொல்லுங்க.”

“நம்ம பொண்ணு, கல்யாணத்துக்கு இந்த வண்டியிலதான் போய் இறங்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாளே, மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்களோன்னு எனக்கு உள்ளூர பயம். இனி என்ன பயம்? மலர் ஊர்தி! பழைய பேரையே பளிச்சுன்னு எழுதிடலாம்.”

அடுத்த ஞாயிறு பெயின்டர் வந்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்தவர், பாதியில் நிறுத்தினார்.

“டாக்டர், இங்க வாங்க. ‘ம’வுக்கு முன்னாடி இன்னொரு எழுத்து இருக்கு.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ‘அ’. நடுவில் இருந்ததும் ‘ல’ இல்லை, இன்னொரு ‘ர’.

அமரர் ஊர்தி.

“இறந்தவங்களை எடுத்துட்டுப் போற வண்டி டாக்டர் இது” என்றார் பெயின்டர், மெல்ல.

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. பூ, மெதுவாக வந்த வண்டி, எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் புரிய, வண்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா வண்டி இன்னிக்கே எடைக்குப் போயிடும். பொண்ணு வேற அவ்வளவு ஆசையா இருக்கா. ‘அ’வை அழிச்சுடுங்க. ‘மலர்’னே எழுதிடுங்க. நீங்களும் பார்க்கல, நானும் பார்க்கல. சரியா?”

“எனக்கென்ன டாக்டர், ஒரு எழுத்து மிச்சம்.”

அதற்குள் டாக்டரின் போன் அடித்தது. யாருக்கோ பல்வலி. பேசிக்கொண்டே வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி டீயோடு வந்தாள். பெயின்டர் அவசர அவசரமாக எழுத்தின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

“துணியை எடுங்க” என்றாள்.

“அது வந்தும்மா... வெறும் துரு...”

“அங்க ஒரு ‘அ’ இருக்கும். எனக்குத் தெரியும்.”

பெயின்டர் துணியை எடுத்தார்.

“அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பயந்த சுபாவம். வண்டியை வித்துட்டுதான் மறுவேலை பார்ப்பார். ‘மலர்’னே எழுதிடுங்க.”

“அம்மா, உங்களுக்கு எப்படி...?”

“வண்டி வந்து இறங்கின அன்னிக்கே தெரியும். இதைப் போய் மறப்பேனா?” டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் சிரித்தது.

“எங்கப்பாவைக் கடைசியா கூட்டிட்டுப் போனது இந்த வண்டிதான். என் கல்யாணத்துக்குத்தான் அவரால வர முடியல, பேத்தி கல்யாணத்துக்காவது வந்து சேரட்டுமே.”