பிரேக்கில் ஏறிய காற்று

ராயபுரத்துச் சந்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மீன்கூடைகளின் ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டியே துருவேறிப்போன பழைய பிக்கப் வண்டி வீட்டு வாசலில் நிற்க, அதன் அடியில் சாக்கு விரித்து மல்லாந்திருக்கிறான் ஸ்டானிஸ்லாஸ். பிரேக்கில் ஏறிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருத்தர் நட்டைத் தளர்த்த. மிதிப்பது எப்போதும் அவன் மனைவி டெபோராதான். அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது பெடலை அமுக்கி, சீட்டோடு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறான். சீட்டின்மேல் ஸ்பீக்கரில் கிடக்கும் போனில் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம். ஸ்பேனரைப் பொருத்தியதும் பழக்கத்தில் குரல் கொடுத்துவிடுகிறான்.

"டெபோரா, புடிச்சிக்கோ. வுட்றாத!"

பாத்திரச் சத்தம் நிற்கிறது.

"புடிச்சிக்கினுதான் கீறேன்யா. நீ லூஸ் பண்ணு."

நட்டைத் தளர்த்துகிறான். பிரேக் எண்ணெய் நுரைத்துக்கொண்டு கீழே வைத்த பாட்டிலுக்குள் இறங்குகிறது, குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. நட்டை இறுக்குகிறான். இனி "வுடு" என்று சொன்னால் அவள் காலை எடுத்துவிடுவாள். ஸ்டானிஸ்லாஸ் அதைச் சொல்லாமல் படுத்திருக்கிறான். போனில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் இன்னும் தொடங்கவில்லை.