மணிக்கட்டு

தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை வயரை விட்டு, துடிப்பைத் தப்பவைத்த இடத்தைச் சூடு வைத்துச் சரிசெய்த டாக்டர், "இந்தத் துடிப்புக் கோளாறு திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அன்றிலிருந்து செண்பகம் கணவர் தனபாலின் மணிக்கட்டை விடவில்லை. குழம்பு கொதிக்கும்போதும் வந்து பிடித்துப் பார்ப்பாள், பஸ்ஸிலும் பிடித்திருப்பாள். இன்று காலை நாடி இரண்டு அடித்து, நின்று, பிறகு தறிகெட்டு ஓடியது. உடனே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள்.

ஈசிஜி தாளைப் பார்த்த நர்ஸ், "சாருக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்க நாடியை எப்படிப் பிடிச்சுப் பாத்தீங்க?" என்றாள்.

செண்பகம் பிடித்துக் காட்டினாள். மறுபடி இரண்டு அடித்து நின்றது.

"கட்டைவிரலை வைக்கக் கூடாதும்மா. அதுல உங்க துடிப்புதான் தெரியும்."

தனபால் நிம்மதியாகச் செருப்பைத் தேடினார். "கிளம்பலாமா?"

செண்பகம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ம், போலாம்."