எட்டாவது தடம்

கிறிஸ்பின் தன் கையாலேயே எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோதே சந்தேகம் தட்டியது.

சர்க்கரை இரண்டு கரண்டி. தட்டில் பிஸ்கட் வேறு.

எங்கள் லண்டனில் ஒருவனை வெளியே தள்ளப்போகிறார்கள் என்றால் முதலில் தேநீர்தான் வரும். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வராது. என் அப்பாவை ரயில் பட்டறையிலிருந்து அனுப்பியபோதும் மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் ஆரம்பித்தாராம்.

சற்று முன்னால்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் வாசித்து முடித்திருந்தேன். 'கடல் கொண்ட கோட்டை'யில் கிதார் தனியாக வரும் இடம். அதைப் பாட்டு என்று சொல்லக்கூடாது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற சமாச்சாரம். எங்கள் இசைக்குழுவின் தலைவன் கிறிஸ்பின். ஆர்கன் வாசிப்பவன், கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டவன். முதல் இசைத்தட்டிலேயே உலகத்தைப் புரட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி. மூன்று நிமிடப் பாட்டெல்லாம் பள்ளிக்கூடப் பெண்களுக்கு என்பான்.

என் வாழ்நாளில் நான் அப்படி வாசித்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் நார்மன்கூடப் புகைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது அதைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கோப்பையோடு போய் நின்றேன். டிரம்ஸ் வாசிக்கும் டெரிக் என்னைக் கண்டதும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அது கட்டித்தான் இருந்தது.

சோபாவில் புதிதாக ஒருத்தன்.

"இது பியர்ஸ். நார்மனுக்குச் சொந்தம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தான்," என்றான் கிறிஸ்பின்.

நார்மனுக்கே அது புதுச் செய்தி போலிருந்தது. திருதிருவென்று விழித்தார்.

சும்மா பார்க்க வந்தவனின் இடது கை விரல்கள் தொடைமேல் நடந்துகொண்டிருந்தன. என் கிதார் எங்கே ஏறியதோ அங்கே ஏறின. எங்கே இறங்கியதோ அங்கே இறங்கின. ஓரிடத்தில் தடுமாறி, உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அடப்பாவிகளா! வாசிக்கும்வரை வைத்திருந்து, வாசித்ததும் அனுப்புகிறார்களா? இசைத்தட்டில் என் கை, மேடையில் அவன் மூஞ்சி!

கத்தியிருக்கலாம். கோப்பையைச் சுவரில் அடித்திருக்கலாம். நான் பிஸ்கட்டைத் தின்று முடித்தேன்.

"இன்னொரு தடவை வாசிக்கிறேன். இதைவிட நல்லா வரும்," என்றேன்.

நார்மன் பதறிப்போனார். ஒலிநாடாவில் தனித்தனியாகப் பதிய மொத்தமே எட்டுத் தடங்கள். ஆர்கனும் டிரம்ஸும் குரல்களுமாக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டது போக, கிதாருக்கு மிச்சம் ஒன்றே ஒன்று.

"வேண்டாம்பா ரெஜ். புதுசு பதிஞ்சா பழசு அழிஞ்சிடும். எடுத்து வைக்க வேற இடம் இல்ல."

"அவன் ஆசைப்படறான்ல, விடுங்க," என்றான் கிறிஸ்பின். போகிறவனுக்குக் கேட்டதைக் கொடுத்து அனுப்பினால் பாவம் குறையும் என்று நினைத்திருப்பான்.

உள்ளே போய்க் கிதாரை மாட்டிக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. காதுக்குள் டெரிக்கின் தாளமும் ஆர்கனும் ஓட ஆரம்பித்தன.

என் இடம் வந்தது.

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அழியட்டும். எனக்கில்லாதது உங்களுக்கும் வேண்டாம்.

நார்மனுக்கு உடனே புரிந்துவிட்டது. நாடாவை நிறுத்தப் பாய்ந்தார். கிறிஸ்பின் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினான்.

இவனுக்கென்ன பைத்தியமா என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று, பிடித்துக்கொண்டே இரு மகராசா.

நாடா ஓடியது. நான் வாசித்தது சுரம் சுரமாகச் செத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடம் உண்டு. அது எப்படி என் விரலுக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. இனி ஒருபோதும் வராது என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தைக் கடந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையை நானே கிணற்றில் தள்ளியது போலிருந்தது. ஆனாலும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

விளக்கு அணைந்தது.

கிறிஸ்பின் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று தயாராக நின்றேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே இதை? கோட்டை கடலுக்குள்ள போனப்புறம் என்ன கேக்கும்? ஒண்ணுமே கேக்காது! கிதார் இப்ப வரும், இப்ப வரும்னு அத்தனை பேரும் காத்துக்கிட்டிருக்க, வராமலே போயிடுது பாரு... ஐயோ! நீ மேதைடா. இசைத்தட்டுல இதுதான் போவுது. இதுக்கு மேல ஒரு சத்தம் சேக்க விடமாட்டேன்."

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவனுக்குப் பின்னால் நார்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் பியர்ஸ் வந்து நின்றான். நல்ல பையன்தான். கிறிஸ்பின் கட்டிப்பிடித்ததைப் பார்த்து, எல்லாம் சொல்லி விடையும் கொடுத்தாயிற்று என்று நினைத்துவிட்டான் போல. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றிண்ணே. முன்னாடி வாசிச்சீங்களே, அது எனக்கு இந்த ஜென்மத்துல வந்திருக்காது. இதுன்னா கவலையே இல்ல, வெள்ளிக்கிழமை மேடையிலயே வாசிச்சிடுவேன்."