பழைய விண்டோஸ் என்று ஒரு பொய்

மருத்துவமனை ஜன்னலில் மதிய வெயில் கொதிக்கிறது. பிரசவ அறையில் ஒருத்திக்கு ரத்தம் நிற்காமல் போகிறது. ஓ நெகட்டிவ் வேண்டும். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களெல்லாம் மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை பார்க்கும் லூசியாவின் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. நேற்று கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் சரவணகுமார் அதில் விண்டோஸ் 95 ஏற்றியதிலிருந்து, அந்தப் பெயர்களைக் காட்டும் புரோகிராம் திறக்கவில்லை. ‘இந்த விண்டோஸில் இயங்காது’ என்று சாம்பல் நிறப் பெட்டி ஒன்று டிங்கென்று வந்து நிற்கிறது. “பழைய விண்டோஸுக்கு எழுதுனது மேடம். புதுசு அடுத்த மாசம் வரும்,” என்று சரவணகுமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். லூசியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. “அங்குட்டு ஒரு உசுரு போய்க்கிட்டிருக்கு, நீங்க அடுத்த மாசம்கிறீக! இதால ஓட முடியாமல்லாம் இல்லை. விண்டோஸ் பேரைக் கேட்டுட்டுக் கதவைச் சாத்துது.” விசைகள் உடைந்துவிடும்போல் தட்டுகிறாள். இந்த புரோகிராம் கேட்டால் மட்டும் பழைய விண்டோஸ் என்றே பொய் சொல்லும்படி விண்டோஸின் கோப்பில் ஒரு வரி சேர்க்கிறாள். “அப்படியெல்லாம் செய்யலாமா?” என்கிறார் அவர். “நேத்தே நீங்க செஞ்சிருக்கணும்.” இந்த முறை பெட்டி வரவில்லை, பெயர்கள் மளமளவென்று திரையில் இறங்குகின்றன. ஓ நெகட்டிவ் என்றிருக்கும் முதல் பெயரைப் பிடித்து, அவர் ஊரான மானகிரிக்குப் போனைச் சுழற்றுகிறாள். “மானகிரியா? சூசைமரியான் அண்ணனை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க.” பதில் வருவதற்குள் அந்தப் பக்கம் மொபெட்டை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்கிறது. காதில் ரிசீவரோடு லூசியா சரவணகுமாரைத் திரும்பிப் பார்க்கிறாள். “இன்னொரு மெஷினைத் தொட்டுறாதீக.”