தூங்கும் முகம்

மங்கா படக்கதை வரையும் கென்சாகுவின் மேசையில் ஒரு பேனாவும் சின்னக் கண்ணாடியும் இருந்தன. கதாநாயகன் கோபப்பட்டாலும் அழுதாலும், கென்சாகு அந்த முகத்தைக் கண்ணாடியில் தானே செய்து பார்த்துவிட்டுத்தான் வரைவார். வாராவாரம், பதினோரு வருஷமாக.

"இந்த வாரம் என்ன முகமாம்?" என்றது கண்ணாடி.

"சண்டை முடிஞ்சு தூங்குறானாம். எனக்கும் முனை தேஞ்சு போச்சு," என்றது பேனா.

கென்சாகு கண்ணாடியைப் பார்த்தபடி கண்ணை மூடினார். திறக்கவில்லை. பேனா விரலிலிருந்து நழுவியது. மெல்லக் குறட்டை வந்தது.

பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் அடித்தது.

"எழுப்பணுமே, படம் பாதியில நிக்குது," என்று பதறியது பேனா.

"சும்மா இரு," என்றது கண்ணாடி. "இந்த முகத்தை இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன்."