பாறை என் இலாகா

"சுவர் மட்டும்தான் விழுந்துச்சா, இல்ல நீங்களும் சேர்ந்தா?"

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். இரண்டும்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிமென்ட் தூள்தான் வெளியே வந்தது.

நடந்தது இதுதான். பாறை ஏறுகிறவர்கள் விரலுக்குப் பலம் சேர்க்க, கதவுக்கு மேலே ஒரு கட்டைப் பலகையை அடித்து அதில் தொங்குவார்கள். அதை நானே மாட்டினேன். தாங்குமா என்று நானே தொங்கியும் பார்த்தேன். பலகை, நான்கு திருகாணி, முழ அகலத்துக்குப் பூச்சு, தொண்ணூறு கிலோ நான் என்று குடும்பமாக இறங்கி வந்தோம்.

"ரெண்டு மாசத்துல காலி பண்ணப் போற வீட்டுக்கு இது தேவையா?" கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எந்த நாட்டுக்குப் போனாலும் பயிற்சியை விடக்கூடாதும்மா."

அவள் மடிக்கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எந்த நாடு என்பதுதான் சிக்கலே. அவள் பிசியோதெரபிஸ்ட். வேலை தருவதாக வெளிநாட்டிலிருந்து இரண்டு மருத்துவமனைகள் எழுதியிருந்தன. இன்று மாலை ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இரண்டும் கைநழுவிவிடும். வேலையைப் பற்றிக் கவலைப்படுவது அவள் இலாகா. பாறை என் இலாகா. ஒரு மாதமாக வரைபடமும் அளவுகோலுமாக உட்கார்ந்து கோப்பே தயாரித்திருந்தேன்.

முதல் ஊரில், வாசலிலிருந்து பன்னிரண்டு நிமிட சைக்கிள் தூரத்தில் முந்நூறு அடி கருங்கல் பாறை. மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமாம். வேலை முதியோர் பிரிவில், மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. இந்த விவரத்தைக் கோப்பில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன்.

இரண்டாவது ஊரில், அடிபட்ட கைகளுக்கென்றே தனிப் பிரிவு. முடங்கிப்போன விரல்களை மறுபடி மடக்கி நீட்டப் பழக்க வேண்டும். அவள் படித்ததே அதற்குத்தான். ஆனால் ஊரை யாரோ இஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள். அங்கே உயரமான இடம் என்றால் பஸ் நிலையத்து மேம்பாலம்.

அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் ஏறி வந்திருந்தார். கதவுக்கு மேலே பார்த்தார். பிறகு என் தலைமுடியைப் பார்த்தார்.

"நாட்டை விட்டுப் போறீங்க, சரி சார். வீட்டையும் பேத்து எடுத்துட்டுப் போறதா உத்தேசமா?"

"பூசிக் குடுத்துடறேன் சார். பாறை ஏற்றப் பயிற்சிக்கு மாட்டினது."

அவர் முகத்தில் கோபம் போய் ஆச்சரியம் வந்தது. "பாறையா? சொல்லவே இல்லையே."

"பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா பாறையிலதான் சார் இருப்பேன். இதுவரைக்கும் ஒரு விபத்து கிடையாது."

அவர் பார்வை என் தொப்பைக்கு இறங்கியது. "இந்த உடம்போடயா?"

"உடம்பு கனமாத்தான் இருக்கணும். இல்லன்னா சடக்குனு ஆளையே மேல தூக்கிடும்."

"காத்தா?"

"எதுவா இருந்தாலும்."

"கீழ பாத்தா தலை சுத்தாதா சார்?"

"நான் கீழ பாக்கவே மாட்டேன். கண்ணு எப்பவும் மேலதான். கழுத்து வலி ஒண்ணுதான் தொந்தரவு."

மனைவி இருமினாள். தூசியோ என்னவோ.

வீட்டுக்காரருக்கும் தொண்டை கமறியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மூடி இறுகியிருந்தது. அவர் திருகிப் பார்த்தார். நான் சட்டை நுனியால் பிடித்துத் திருகிப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை நீட்டி வாங்கி, இரண்டே விரலால் திறந்து கொடுத்தாள்.

மணி ஐந்தே முக்கால்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் என்னிடம்.

"இதுல சொல்ல என்ன இருக்கு? முதல் ஊர்தான். பன்னிரண்டே நிமிஷம்."

"ரெண்டாவதுல வேலை நல்லா இருக்கு."

"வேலை எங்க வேணா கிடைக்கும். அந்த மாதிரி கல்லு கிடைக்குமா?"

வீட்டுக்காரர் தண்ணீரைக் குடித்து முடித்து, நாட்டாமைக்குத் தயாரானார். "சார் சொல்றது நியாயம்தாம்மா. புருஷனுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கறப்ப கொஞ்சம் விட்டுக்கொடுத்துதான் போகணும்."

"ரெண்டு வருஷமா அதைத்தான் சார் செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு மாசமா எந்த ஊருன்னு கேக்கறேன். 'ம்'ங்கற, 'பாக்கலாம்'ங்கற. இன்னைக்காவது மனசுல இருக்கறதை நேரா சொல்லேன்."

ஒரு விசையைத் தட்டினாள். "அனுப்பிட்டேன்."

"எந்த ஊருக்கு?"

"ரெண்டாவது."

"அங்க ஒரு மேடுகூடக் கிடையாதேம்மா. பாறைக்கு எங்க போறது?"

நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். என் தலையில் ஒட்டியிருந்த பூச்சுத் துண்டை எடுத்துக் கீழே போட்டாள்.

"ரெண்டு வருஷமாவே எனக்கு ஏறப் பிடிக்கலைங்க. ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்குள்ள கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறீங்க. நான் மேலேருந்து விழுந்துடாம கீழ நின்னு அதைப் பிடிக்கறதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். சரி, பாவம்னுதான் இத்தனை நாளா நான் ஏறிக்கிட்டு இருந்தேன்."