பின்கதவில் காந்தம்

போர்டிகோவில் பழைய பியட் காரின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார் கிருபாகரன். எங்கே தகரம், எங்கே பட்டி பூசி மறைத்தது என்று கண்டுபிடிக்கும் வேலை மனைவி பூங்கோதைக்கு. துணி சுற்றிய காந்தத்தை வைத்துக்கொண்டே போனாள். தகரமென்றால் ஒட்டும், பட்டியென்றால் நழுவிவிடும்.

"பின்கதவைப் பாக்க வேணாம் கோதை. அது முழுக்கப் பட்டிதான். எல்லாம் நீ பண்ணின கைங்கரியம்" என்று சிரித்தார்.

இருபது வருடங்களுக்கு முன், கார் ஓட்டப் பழகிய மூன்றாம் நாள், கேட்டில் ஏதோ உரசும் சத்தம் கேட்டதும் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். காரின் பின்கதவே நசுங்கிவிட்டது என்று அவர்தான் சொன்னார். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய் வந்தார். அதன்பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

காந்தம் பின்கதவில் டக்கென்று ஒட்டியது. கைப்பிடியிலிருந்து அடிவிளிம்புவரை மெதுவாக நகர்த்தினாள். ஓரிடத்திலும் அது பிடி விடவில்லை.

"இதுல பட்டியே இல்லங்க. மொத்தமும் தகரம்."

சுரண்டும் சத்தம் நின்றது. "அப்ப நம்மகிட்ட ஒரு வண்டிதான இருந்துச்சு. நீயும் எடுத்துட்டுப் போனா நான் எதுல போறது?" என்றார்.

அவள் கையை எடுத்தாள். காந்தம் விழாமல் அங்கேயே நின்றது.